இரண்டு டிஸ்கிலும் உன் கடிதங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். இது யார் கையெழுத்து என்று திகைக்காதே, என்னுடையதுதான். எட்டு மாதமாக நூலக மாடியில் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன், டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும், எழுத்து கோட்டை விட்டு இறங்கினால் விடவே மாட்டாள். இந்த முதல் பக்கத்துக்கே எனக்கு இரண்டு காலைப் பொழுது ஆகிவிட்டது. பட்டறையில் பெரிய லேத்தில் இரும்பை ஒரு மயிரிழை பிசகாமல் கடைந்த கை, பேனாவைப் பிடித்தால் கோணலாகப் போகிறது, ஆனாலும் ஒரு வரி முடிந்ததும் அதை நானே திரும்ப வாசித்துப் பார்க்கிறேன், எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் கெட்ட வார்த்தை வரும், எழுத்தில் வந்தால் அடித்துவிடலாம் பார்.

விஷயம் உன் பெரியப்பாவைப் பற்றியது. உன் அம்மா இருந்தவரை நீ கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கடிதங்களை அவள் வாசித்தாள், அவள் போன பிறகு இந்த ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் பெரியப்பா வந்து வாசித்தார், பதிலும் அவரே டைப் அடித்தார். நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு முதலாளி, நம் சொந்தம், எனக்காக மெனக்கெடுகிறாரே என்று நானும் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். எழுத்துக் கூட்ட வந்ததும், நான் முதலில் படிக்க வேண்டியது என் மகள் எழுதியதைத்தான் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நீ பிரசவத்துக்கு முன்னால் எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. "அப்பா, நீங்க வந்தே ஆகணும், எனக்குப் பயமா இருக்கு, வந்துட்டு இங்கேயே இருந்துடுங்க" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அவர் வாசித்தது என்ன தெரியுமா, மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார்கள், இப்போது நீங்கள் வந்தால் இடைஞ்சல் என்று. உனக்குப் போன பதிலையும் தேடிப் படித்தேன், தூரப் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, இனி கூப்பிடாதே என்று நான் எழுதினதாக இருந்தது. ஏன் வரவில்லை என்று நீ போனில் கேட்கவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று நானும் கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே ரோஷம், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டோம். பேத்திக்கு ஆறு வயது ஆகிவிட்டது, இன்னும் நான் அவளைத் தூக்கவில்லை. மகளே, அந்தப் பதில் என்னுடையது இல்லை. இதை நீ நம்ப வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

நான் எழுத்துப் படிக்கிறேன் என்று பட்டறையில் தெரிந்த வாரமே பெரியப்பா வந்து கம்ப்யூட்டரில் காதை வைத்துக் கேட்டார். "டிஸ்க் டிக் டிக்னு அடிக்குது பாரு, போகப்போகுது, மொத்தமாத் துடைச்சிட்டுப் புதுசா ஏத்திடறேன்" என்றார். டிஸ்க் அடித்ததென்னவோ உண்மை, துடைக்கத் துடித்ததுதான் எனக்கு இடித்தது. நேராகக் கம்ப்யூட்டர் கடைக்காரம்மாவிடம் போனேன். உன் கடிதங்கள் வேறெங்கும் இல்லை, அந்த ஒரு டிஸ்கில்தான் இருக்கின்றன என்று பார்த்துச் சொன்னாள். "ஒரே அளவுல ரெண்டு டிஸ்க் போடுங்கய்யா, ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் விழும், ஒண்ணு செத்தாலும் மத்தது பேசும்" என்றாள், அதற்கு ரெய்டு என்று பெயராம். ஜோடி சேர்க்கும்போது டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் புதிது இரண்டை முதலில் சேருங்கள், அதுவரை பழையதைத் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாள். யாராவது உட்கார்ந்து அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும் என்பதால் பாஸ்வேர்டு என்று ஒரு பூட்டுச் சொல்லும் போட்டுக்கொண்டேன். இரண்டு டிஸ்கையும் மேலும் கீழுமாகச் செருக அவள் கொடுத்த பெட்டி லேசாக ஆடியது, அலுமினியத்தில் நான்கு வளையம் கடைந்து முடுக்கினேன், உன் பெரியப்பாவின் லேத்தில், அவர் அலுமினியத்தில், அவர் கண்ணெதிரிலேயே. "எதுக்குப்பா இது" என்று கேட்டார், வீட்டில் ஒன்று ஆட்டம் காண்கிறது அண்ணே என்றேன். பிறகு பழைய டிஸ்கிலிருந்து உன் நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் ஏற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் பெரியம்மாவையும் டீ குடிக்கக் கூப்பிட்டேன். பெட்டியைக் காட்டி, மேல் டிஸ்கில் மகள் கடிதங்கள், கீழே சும்மா பாட்டு என்று சொன்னேன். பொய்தான், அவர் ஏழு வருடம் சொன்னார், நான் ஒன்று சொன்னேன். வேண்டுமென்றே டீ போடச் சமையலறைக்குப் போனேன், பால் பொங்குவதற்குள் பெட்டி கீங்கீங் என்று கத்தியது. வந்து பார்த்தால் மேல் தட்டு காலி, சிவப்பு விளக்கு எரிகிறது, அவர் நாற்காலிக்கு அடியில் துணிப்பை கனமாகச் சரிந்து கிடக்கிறது. "அது என்ன இப்படிக் கத்துது" என்று பெரியம்மா கேட்டாள். ஒன்றைக் காணோமாம், தேடுகிறது அண்ணி என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் உன் பிரசவக் கடிதத்தைத் திறந்தேன். நான் வேகமாக வாசிக்க மாட்டேன். எழுத்து எழுத்தாகத்தான் கூட்டினேன், ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் நெளிந்தார், டீச்சர் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வாசி என்றிருப்பாள், எனக்கு அவசரமே இல்லை. முடிப்பதற்குள் பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஏய் மனுஷா, அந்தப் பொண்ணு பயமா இருக்குன்னு எழுதியிருக்கா, நீ என்ன வாசிச்சே?" என்றாள். "இவன் போயிட்டா பெரிய லேத்தை யார் ஓட்டறது, பட்டறையே படுத்துடும்னு" என்று அவர் இழுத்தார். நல்ல பதில், உண்மையான பதில், ஏழு வருடத்தில் அவர் ஒழுங்காகச் சொன்ன ஒரே வரி. பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். கொண்டுபோங்க அண்ணே, அதுலயும் எல்லாக் கடிதமும் இருக்கு, இந்தத் தடவை எழுதினதை எழுதினபடி வாசிங்க என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைக்காரம்மாவே போய் அந்த டிஸ்கை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தாள். தினமும் காலையில் பெரியம்மா அவரை உட்கார வைத்து ஒரு கடிதம் சத்தமாக வாசிக்கச் சொல்கிறாள், வாசித்தால்தான் டீ. நூற்றுப் பன்னிரண்டு நாளைக்கு வரும், கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தேன். நான் பட்டறையை விட்டு நின்றுவிட்டேன், பெரிய லேத் துணி போர்த்தி நிற்கிறதாம், நிற்கட்டும். உனக்கு இளகின மனசு, வயதானவர் பாவம் என்று ஆரம்பிப்பாய், ஆரம்பிக்காதே. நான் மன்னிக்கவில்லை, எனக்காக நீயும் மன்னிக்க வேண்டாம்.

என் பெட்டிக்குப் புது டிஸ்க் வாங்கிச் செருகினேன், அரை நாளில் மற்றதைப் பார்த்து எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டது, இப்போது இரண்டு விளக்கும் பச்சை. பேத்தியின் தலையில் கை வைத்து என் ஆசீர்வாதத்தைச் சொல், மாப்பிள்ளைக்கும் சொல், நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, இனிமேல் என் பெயரில் டைப் அடித்து எது வந்தாலும் நம்பாதே, இந்தக் கோணல் எழுத்தில் வந்தால் மட்டும் நம்பு. பிரசவத்துக்கு வரச்சொல்லிக் கேட்டிருந்தாயே அம்மா, அதற்கு இதுதான் என் பதில்: வருகிறேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதும்
உன் அப்பா