எனக்குப் புரியாத மொழியில் சொன்னீர்கள்

காலையில் காரைக் கழுவக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் பக்கத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு துணியை இழுத்து எடுத்தார். "இது வேணுமா மேடம், தூக்கிப் போட்டுடலாமா?" என்றார். உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரித்த வெள்ளை ஃபிளானல் துணி. பாதி பழுப்பேறியிருந்தது. வாங்கிப் பார்ப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. நீங்கள் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயின் வாசனை.

"போட்டுடுங்க" என்றேன். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. நீங்கள் பட்டாளத்தில் இருந்த காலத்தில், ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் தூங்காமல் இன்லண்ட் லெட்டரில் எழுதி அனுப்பியவள்தான். எல்லாக் கடிதத்தையும் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முடிப்பேன். இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அந்தத் துப்பாக்கி விஷயத்தை நீங்கள் முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். பேங்கில் செக்யூரிட்டியாக இருந்தவரைக்கும் உங்களிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ரிடையர் ஆனதும் அதை விற்றுவிட்டீர்கள். லைசன்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. இனி நிம்மதி என்று நான் நினைத்திருந்தபோது, பழைய பட்டாளத்து ரைபிள் ஒன்று விலைக்கு வருகிறது, குடகில் ஒரு ரிடையர்டு சுபேதார் வைத்திருக்கிறார், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார் என்றீர்கள். வெள்ளைக்காரன் காலத்து மரக்கட்டை ரைபிள். சிவிலியன் வைத்துக்கொள்ளத் தோதாகக் குழலை மட்டும் மாற்றியிருக்கிறார்களாம்.

"காட்டுப்பன்னி சுடப் போறீங்களா? ஃபாரஸ்ட்காரன் புடிச்சி உள்ள போட்டுடுவான்" என்றேன்.

"சுடறதுக்கு இல்லம்மா. டிரெயினிங்ல முதல்ல கையில குடுத்தது அதான். வீட்ல எது வந்தாலும் அண்ணனுக்குத்தான் போவும். எனக்குன்னு ஒருத்தன் முதல்ல குடுத்தது அந்த ரைபிள்தான்."

அனுமதிக்காகக் கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாதக்கணக்கில் அலைந்தீர்கள். அலைச்சலில்தான் இளைக்கிறீர்கள் என்று நினைத்தேன். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டீர்கள். கேட்டபோது, "அரிசிய கம்மி பண்ணிட்டேன், சாயங்காலம் கிரிவலப் பாதையில நடக்கறேன், நீதான சொன்ன?" என்றீர்கள். நான் வார்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, பட்டாளத்து ஆளு, நினைச்சா முடிச்சிடுவாரு என்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் பேசிய பேச்சு அது.

ஒருவழியாக அனுமதி கிடைத்து, பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் குடகுக்குக் கிளம்பினோம். அடி அண்ணாமலையில் நம் தெரு முனையெல்லாம் அன்னதானத் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களுமாகக் கிடந்தன. பெருக்குகிறவர்கள் வந்திருந்தார்கள். சாவியை என்னிடம் நீட்டினீர்கள். "நீ ஓட்டு. நான் ஊரு பாத்துக்கினு வரேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. நாற்பது வயதுக்குமேல் நான் கார் கற்றுக்கொண்டபோது பக்கத்தில் உட்காரவே பயந்தவர் நீங்கள். செங்கம் ரோட்டில் ஏறியதும் மலை கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே வந்தது. நீங்கள் திரும்பி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "கழுத்து புடிச்சிக்கும், நேரா உக்காருங்க" என்றேன். ஊத்தங்கரையில் டிபனுக்கு நிறுத்தினோம். அரை இட்லி சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினீர்கள். வண்டியில் போகும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும் என்றீர்கள். நானே சாப்பிட்டு முடித்தேன். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் நெரிசல், மைசூர் வரை நானே ஓட்டினேன். "பட்டாளத்துல கன்வாய் ஓட்டறவன்கூட இப்பிடி ஓட்டமாட்டான்" என்று சொன்னீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னைப் பாராட்டியதிலேயே பெரியது அதுதான். மைசூரில் லாட்ஜில் படுத்த பிறகும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உங்களால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்ட முடியாது, அதனால்தான் சாவியைக் கொடுத்தீர்கள் என்பது இப்போது தெரிகிறது. அந்தப் பாராட்டையாவது எனக்கு மிச்சம் வைத்திருக்கலாம்.

சுபேதார் வீடு காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. முன்கூடத்தில் பிரம்பு நாற்காலிகள். அவருடைய மனைவிக்குத் தமிழ் தெரியும். குன்னூரில் பட்டாளக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது கற்றுக்கொண்டதாகச் சொன்னார். சுபேதாருக்குத் தமிழ் வராது. நீங்கள் இருவரும் இந்தியில் பேசினீர்கள். எனக்கு இந்தி தெரியாது. நீங்கள் வடக்கே இருந்த வருஷமெல்லாம் நான் வேலையை விட முடியாமல் திருவண்ணாமலையிலேயே இருந்தவள், எங்கே கற்றுக்கொள்வது?

அவர் ரைபிளை ஒரு போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். கட்டையின் அடியில் பித்தளைத் தகடு. எழுந்து நின்று வாங்கினீர்கள். போல்ட்டை இழுத்து, குழலை வானத்துக்குக் காட்டி உள்ளே பார்த்தீர்கள். பிறகு தோளில் வைத்துக் குறி பார்க்கத் தூக்கினீர்கள். பாதியிலேயே குழல் தாழ்ந்தது. மெதுவாக உட்கார்ந்து அதை மடியில் கிடத்திக்கொண்டீர்கள்.

சுபேதார் ஏதோ கேட்டார். நீங்கள் பதில் சொன்னீர்கள். சாதாரணக் குரலில், காப்பியில் சர்க்கரை போதும் என்று சொல்வதுபோல. அவர் முகம் மாறியது. நீங்கள் என் பக்கம் கையைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னீர்கள். 'நர்ஸ்' என்ற வார்த்தை மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. என்னைப் பெருமையாக அறிமுகம் செய்கிறீர்கள் என்று நினைத்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது அந்தம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு பையில் மிளகும் ஆரஞ்சும் கட்டிக் கொடுத்தார். கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க" என்றார். மலைப்பாதையில் ஓட்டப்போகிறேன் என்று சொல்கிறார் என நினைத்து, "எனக்கு பயம்லாம் இல்லம்மா" என்றேன். வாசலில் சுபேதார் விறைப்பாக நின்று உங்களுக்கு சல்யூட் அடித்தார். காரில் ஏறியதும் கேட்டேன். "நீங்க ஹவில்தார், அவரு சுபேதார். அவரு இன்னாத்துக்கு முதல்ல சல்யூட் வெக்கறாரு?"

"ரிடையர் ஆயிட்டா ரேங்க் ஏது?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அந்தத் துப்பாக்கியைத் துடைத்தீர்கள். எண்ணெய் போட்டீர்கள். பூட்டி வைத்தீர்கள். ஒரு தடவைகூடச் சுடவில்லை. நடுநடுவே வேலூருக்கு, பட்டாளத்து கேன்டீனுக்கு என்று சொல்லிப் போனீர்கள். வரும்போது சோப்பும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தீர்கள். ஒரு தடவை குக்கர் வாங்கி வந்தீர்கள். நான் நம்ப வேண்டும் என்பதற்காக வாங்கிய குக்கரில்தான் இன்னும் சமைக்கிறேன்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டுத் திரும்பினீர்கள். கண் மஞ்சளாக இருந்தது. அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் ஆரம்பித்து ஈரல்வரை பரவியிருந்தது. ஸ்கேன் ரூமுக்கு வெளியே பெஞ்சில் வைத்துக் கேட்டேன். "எப்பலேர்ந்து வலி இருக்குது? உண்மைய சொல்லுங்க."

"இப்பதாம்மா. ஒரு வாரமா."

கடைசிவரை அதையே சொன்னீர்கள். மகள் துபாயிலிருந்து வந்து அழுதபோதும் அதையே சொன்னீர்கள். மருந்து ஏற ஏறப் பேச்சு குறைந்து, ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டீர்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். டாக்டர்கள் கேட்டார்கள், என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள், உங்கள் அண்ணன் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏம்மா, நீயே நர்சு. கூடவே இருந்தும் உனக்குத் தெரியலையா?" இளைத்ததைப் பார்த்தேன், சாப்பாடு குறைந்ததைப் பார்த்தேன், முன்பே கண்டுபிடித்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே என்று ராத்திரி பகலாக என்னையே குத்திக்கொண்டேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். அடுத்தவர் கண்ணை இழுத்துப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சில வாரம் கழித்து குடகிலிருந்து போன் வந்தது. நீங்கள் போன செய்தியை வாட்ஸ்அப் குரூப்பில் அப்போதுதான் பார்த்தார்களாம். அந்தம்மா அழுதார். பிறகு சொன்னார். "அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டாரே. அடுத்த மழைக்கு இருக்கமாட்டேன், டாக்டர்ங்க சொல்லிட்டாங்கன்னு. எங்க வீட்டுக்காரர் ஆடிப்போய்ட்டார். அப்ப உங்களைக் காட்டிச் சொன்னாரு, இவ நர்ஸ், இவளுக்கு எல்லாம் தெரியும், இவ பக்கத்துல இருக்கறப்ப எனக்கு பயமே இல்லைன்னு. நீங்க சிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எவ்ளோ தைரியமான பொம்பளைன்னு நாங்க ரெண்டு பேரும் எத்தனையோ நாள் பேசினோம்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றேன். பால் பொங்கி வழிந்தது. வேலூரில் நீங்கள் போனது கேன்டீனுக்கு மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. "ஆமாம்மா" என்றேன். "தைரியமாத்தான் இருந்தோம்" என்றேன். உங்களைப் பொய்யர் ஆக்க மனம் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் என்மேலும் கோபம் வந்தது. செத்த பிறகும் உங்கள் பொய்யை நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். முன்பின் பார்த்திராத இரண்டு பேருக்கு உங்கள் சாவைச் சொன்னீர்கள். நான் கையெட்டும் தூரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அது போதாது என்று, எல்லாம் தெரிந்துகொண்டு பயப்படாமல் கூடவே நிற்கிற மனைவி ஒருத்தியை அவர்களுக்குக் காட்டினீர்கள். அவளை நீங்கள் வீட்டுக்குக் கூட்டி வரவே இல்லை. அவளாக இருக்க எனக்குத் தெரியாதா? வார்டில் செத்துப்போன ஊரார் கண்ணையெல்லாம் மூடிவிட்ட இந்தக் கையால் உங்களுக்குக் கஞ்சி கொடுத்திருக்க மாட்டேனா? அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், சென்னைக்கு வா என்று இழுத்திருப்பேன். அதற்குப் பயந்தீர்களோ என்னவோ. அப்புறம் அடங்கி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த மாதங்கள் எனக்கும் சேர்ந்தவைதானே. அவற்றை நீங்கள் ஒரு ஆளாக எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டீர்கள்.

துப்பாக்கியை நானே ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு லைசன்ஸ் கேட்கலாம் என்று இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். "பட்டாளத்துக்காரரு ஆசையா வாங்கனதாச்சே மேடம்" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்தால் தினமும் அதனிடம் கேட்டுக்கொண்டிருப்பேன், அவர் உன்னைத் துடைக்கும்போது என்ன சொன்னார் என்று.

வேலையை விடவில்லை. போன வாரம் வார்டில் ஒருவரைச் சேர்த்தார்கள். செங்கம் பக்கத்து விவசாயி, உங்களைவிடச் சின்ன வயது. டாக்டர் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், வெளிய எங்க வூட்டம்மா உக்காந்திருக்குது. அதுகிட்ட எதையும் சொல்லிடாதீங்க."

இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"தாங்காது சிஸ்டர். அழுவும்."

"அழட்டும்ங்க. உங்க பக்கத்துல உக்காந்து அழட்டும். நாளைக்கு தனியா அழறதவிட அது மேல்."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "கூப்புடுங்க" என்றார். அந்தப் பெண் டிபன் கூடையோடு ஓடி வந்து, "இன்னா, இன்னா சொன்னாங்க?" என்று கட்டிலோரம் நின்றாள். நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சத்தமும் கேட்டது.

உங்கள் மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. அதைக் கூடவே எடுத்துக்கொண்டுதான் தினமும் வார்டுக்குப் போகிறேன்.