மேரியின் இடது கண்

ஜூன் 3, செவ்வாய்

பெத்தாங்க் ஆட்டத்தில், தரையில் கிடக்கும் சின்ன மரப்பந்துக்கு மிக அருகில் யாருடைய இரும்புக் குண்டு நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. என் வேலை, எதிரணியின் குண்டை என் குண்டால் அடித்து விலக்குவது. இன்று பயிற்சியில் எட்டு முறை அடித்தேன். எட்டும் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தன. எல்லோர் முன்னாலும் எங்கள் தலைவி சிவசங்கரி அக்கா சொல்லிவிட்டார்: "மேரி, இனிமே நீ உருட்டு. அடிக்கிறதுக்கு இனியா இருக்கட்டும்."

மரப்பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி உருட்டுவதாம். ஒன்பது வருஷமா அடிச்ச கை இது! போட்டிக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

ஜூன் 4

பயிற்சிக்குப் போகவில்லை. ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

மாத்திரை அட்டையில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பார்க்கும் அருள்பிரகாஷ், நடுவில் ஓட்டை போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து அதன் வழியாகச் சுவரிலுள்ள எழுத்தைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடினால் எழுத்தைக் காணோம். வலதை மூடினால் அப்படியே இருந்தது.

"உங்களுக்கு இடது கண்ணுதான் குறி பாக்குதுக்கா. கை வலதுன்னா கண்ணும் வலதா இருக்கணும்னு இல்ல."

அங்கேயே உறைத்தது. குண்டை வலது கண்ணுக்கு நேரே தூக்கு, இடதை மூடிக் குறி பார், பிறகு திறந்து வீசு – அக்கா எங்கள் எல்லோருக்கும் பழக்கிய முறை அது. நான் திறந்ததுமே இடது கண் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது, குறி நகர்ந்துவிடுகிறது. நல்ல கண்ண மூடிகிட்டு ஒன்பது வருஷம் ஆடியிருக்கேன்! அப்படியும் பாதிக்குப் பாதி பட்டதென்றால், கை எப்பேர்ப்பட்ட கை!

ஜூன் 7

விடிந்ததும் தனியாக மைதானம். வலதை மூடிக் குறி பார்த்தேன். பத்தில் ஏழு.

ஜூன் 14, சனி

அக்காவிடம் சொன்னேன். முகம் இறுகிவிட்டது. "இருவது வருஷமா ஆடறேன். கண்ணு மேல பழி போடாத மேரி."

எனக்கும் ரோஷம். பத்துக் குண்டு வையுங்கள் என்றேன். எட்டு பறந்தது. அக்கா பட்டியலை எடுத்து, இனியாவை உருட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டு, அடிக்கும் இடத்தில் என் பெயரை எழுதினார்.

ஜூன் 22, ஞாயிறு

போட்டி. இரண்டு அணிக்கும் பன்னிரண்டு புள்ளி, பதின்மூன்றைத் தொட்டால் வெற்றி. கடைசிக் குண்டு என் கையில். அடித்தேன், ஜெயித்தோம். என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். என் நோட்டில் வேறு யார் வந்து எழுதப்போகிறார்கள்?

ஜூன் 24, செவ்வாய்

புதிதாக நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அக்கா அவர்கள் கையில் குண்டைக் கொடுக்கவில்லை. "மொதல்ல மேரிகிட்ட கண்ணக் காட்டிட்டு வாங்க" என்றார். தன் முறை எனக்குப் பொருந்தவில்லை என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பினேன். நான்கு பேரும் முடிந்து நிமிர்ந்தால், வரிசையில் கடைசியாக அக்கா நின்றுகொண்டிருந்தார்.