உன் படத்தில் இல்லாத சுவர்

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவும் நானும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்று சொல்லத்தான், எங்கேயோ கிடந்த பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ நலமாக இருப்பாய், வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதைத் தவிர இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டதால் மாடி ஏறும்போதெல்லாம் பாதியில் நின்று, "இவ்வளவு செங்குத்தா எவன் படிக்கட்டு போட்டான்னு உன் மகளைக் கேளு" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார், ஏதோ நீதான் வந்து கட்டிக்கொடுத்த மாதிரி. அக்கா புது வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள், குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. முதல் வருடம் நீ செய்த அட்டை வீடு அவளிடம்தான் இருக்கிறது, கூடத்துக்கு நடுவில் அடுப்படி வைத்தாயே, அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "எல்லாம் அழகுதான், ஆனா புருஷன் பொண்டாட்டி சண்டை போட ஒரு மூலைகூட விடலையே இவ" என்று சிரிக்கிறாள். இப்போது மேம்பாலத்துக்கு அடியில் ஜனங்கள் உட்கார ஏதோ இடம் வரைகிறாய் என்றாய், அதற்காகப் பொழுது சாய்ந்த பிறகும் அங்கே போய் நிற்காதே, கூட ஒருத்தியை அழைத்துக்கொண்டு போ. சாய்மானம் இல்லாத பெஞ்சு போடாதே, என் இடுப்பு கேட்டுக்கொள்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறையில் வந்தபோது எங்கள் தையல் கூடத்தை அளந்தாயே, நானும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மூலைமூலையாக நின்றேனே, வேலை செய்யும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று உன் கட்டடக்கலைப் படிப்பின் இரண்டாவது வருடத்துக்காக வரைந்து எனக்கு ஒரு பிரதியும் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் படத்தை என் மிஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். என் பெண் வரைந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை, அதில் என்ன தப்பு. மிஷின் ஹாலுக்கும் கட்டிங் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரே உன் படத்தில் கிடையாது. அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்து விழுகிற மாதிரியும், நாங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு நீள மேஜை இருக்கிற மாதிரியும் போட்டிருந்தாய். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறவர்களுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாக வந்து படத்தில் தன் மிஷின் எங்கே என்று தேடுவாள். காஜாக்காரி, அதுதான் எங்களுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறவள், அந்த மேஜையில் எந்த நாற்காலி தன்னுடையது என்று பேனாவால் ஒரு புள்ளியே வைத்துவிட்டாள். நான் திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன வாரம் முதலாளி அந்தப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கீழே உன் கல்லூரியின் வட்ட முத்திரையும், உங்கள் சார் போட்ட கையெழுத்தும், பக்கத்தில் "நன்று" என்று சிவப்பு மையில் எழுதியதும் இருக்கிறது அல்லவா, அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அனுமதியே வாங்கியாச்சா, சொல்லவே இல்லையே" என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை. "அது மார்க் போட்ட முத்திரைங்க, பாடத்துக்காக வரைஞ்சது" என்றேன். "மார்க் எதுக்குப் போடுறாங்க, சரியா இருந்தாத்தானே போடுவாங்க, அத்தனை படிச்சவங்க நன்றுன்னு எழுதினதை விடவா நீயும் நானும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், எங்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைக்கிறார். மறுநாளே ஒரு கொத்தனார் வந்துவிட்டார். சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்கிறேன் என்று நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். ஓட்டை வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், நானும்தான் தட்டினேன்.

அதற்கடுத்த நாள் துணி அறைக் கதவு மூடவில்லை. அது அந்தச் சுவரோடு ஒட்டின கதவு, ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்கிற கதவு, இப்போது மேலே நிலையில் போய் முட்டுகிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்கிறார் கட்டிங் மாஸ்டர், இருக்கலாம், எனக்கென்ன தெரியும். ஆனால் நீ அளந்தபோது மாடி அறை காலியாகக் கிடந்தது, நினைவிருக்கிறதா, தூசியைத் தவிர ஒன்றுமில்லை என்று நீயே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். இப்போது அங்கே துணிக்கட்டுகளைக் கூரை இடிக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு கட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அது நேராக அந்தச் சுவருக்கு மேலே. இதைக் கவனித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மிஷினை மிதிக்கிறபோதெல்லாம் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே மிதிக்கிறேன், நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், மாஸ்டர் அதைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொத்தனாரிடம் போய், இடிக்கும்போது மேல்தளத்தைத் தாங்கக் கம்பம் நட்டு முட்டாவது கொடுப்பீர்களா என்று கேட்டேன். "படத்துல முட்டு போடலையே அக்கா, இருந்தா போட்டிருக்க மாட்டாங்களா" என்றார். நீ வரையாமல் விட்டது எல்லாம் தேவையில்லாதது என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்குப் போன் செய்தேன். மேலே துணிக்கட்டு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ, "தாங்கும்மா, அதெல்லாம் தாங்கும், சார் பார்த்துட்டுத்தான் மார்க் போட்டார், நீ சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டாய். எனக்கு அந்தக் குரல் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா என்று கேட்டால், முடிச்சாச்சு என்று கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு உடனே நீ சாப்பிட்டியா என்று என்னைக் கேட்பாய். அன்றைக்கெல்லாம் நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன். இந்தத் தடவை அப்படி விட முடியவில்லை. மறுபடியும் கூப்பிட்டபோது வகுப்பில் இருக்கிறேன் என்று வெட்டிவிட்டாய். உன் அறைத்தோழியிடம் பேசினேன், அடுத்த படத்தை ஒப்படைக்கிற அவசரத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கும் பயம்தான், எனக்குப் புரிகிறது. நல்ல மார்க் வாங்கிய படத்தைப் பற்றி, அது வெறும் பாடம், நிஜத்தில் அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் நாக்கு வரும்.

ஆனால் இதைக் கேள். இடிப்பதற்காகக் கூடத்தை மூடப்போவதில்லை, அவசர ஆர்டர் இருக்கிறதாம், ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு அந்தப் பக்கம் அவர்கள் இடிக்க இந்தப் பக்கம் நாங்கள் தைப்போமாம். சுவரை ஒட்டி உட்கார்கிறவள் காஜாக்காரி. அவளுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, சுவர்ப்பக்கம் இருப்பது அந்தக் காதுதான். ஏதாவது விரிசல் விடுகிற சத்தம் வந்தால் கடைசியாகத் தெரிவது அவளுக்குத்தான். அவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், இடிக்கும்வரை வேறு இடத்தில் உட்காரேன் என்று. "உன் பொண்ணு வரைஞ்சதை நீயே நம்பலேன்னா எப்படி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். மற்றவர்களோ நான் ஏதோ வருகிற வெளிச்சத்தைத் தடுக்கப் பார்க்கிறேன் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்பா நம்மால் ஆகிற காரியமா இது, லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறார். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது, அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் உன்னை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளியிடம் இன்றைக்குக் காலையில் போய் நின்று, கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். "உன் பொண்ணு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கட்டும், அந்த நிமிஷமே நிறுத்திடறேன், வேற இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து பார்க்கறேன். நீ சொல்றதுக்காக நிறுத்த முடியாதும்மா" என்றார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால்தான் போனை விட்டுவிட்டு எழுதுகிறேன். போனில் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், நானும் சமாதானமாகிவிடுவேன், அதுதான் எனக்குப் பயம்.

தைத்த சரக்கை உன் ஊருக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், உன் விடுதி வாசலுக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் திரும்பி வந்த மறுநாள் கடப்பாரை இறங்குகிறது. அவர் அங்கே சரக்கு இறக்கி முடிக்கும் வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. உன் சாரிடம் போ, துணிக்கட்டு விஷயத்தைச் சொல், திட்டினால் வாங்கிக்கொள், மார்க்கைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும், அதற்காக வீட்டில் யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். பிறகு உன் கைப்பட எழுது. தாங்கும் என்று தெரிந்து எழுதினால் நான் வாயை மூடிக்கொண்டு என் மிஷினில் போய் உட்காருவேன். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது, பூசி மெழுகாதே. அதை எல்லார் முன்னாலும் நானே உரக்கப் படிக்கிறேன், என் பெண்ணுக்குத் தெரியாதாம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர்கள் கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருக்கட்டும், முதலாளி முணுமுணுக்கட்டும். வெளிச்சம் பிறகு வரும், நீ படித்து முடித்து வந்து சரியாகப் பார்த்து நீயே இடித்துக் கொடுப்பாய்.

நன்றாக இரு, தைரியமாக இரு, நீண்ட ஆயுசோடு இரு, உன் கையால் நிறைய வீடுகள் எழும்பட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். டிரைவர் அவசரக்காரர், அவரைக் காக்க வைக்காதே, பதிலை அவர் கையிலேயே கொடுத்துவிடு. ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு எழுது, அம்மாவுக்குப் பதில் போடுகிறோம் என்று நினைக்காதே, நீ எழுதுகிற அந்த ஒரு வார்த்தைக்குக் கீழேதான் நாங்கள் எல்லாரும் வேலைக்கு உட்காரப்போகிறோம்.

பயத்தோடும் ஆசையோடும்,
உன் அம்மா