ஆடாமல் நிற்கிற படம்

அக்கா,

பிள்ளைகள் சேதியைச் சொல்லாமல் நான் எதைப் பேசினாலும் உன் காதில் ஏறாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியவன் மகன் காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் மேல்படிப்பை முடித்துவிட்டான். சின்னவள் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் செய்கிற என் பேத்திக்குக் கீழே இப்போது நாலு பேர் வேலை செய்கிறார்கள். உன் பேரன் சொந்தமாக போட்டோ ஸ்டுடியோ திறந்துவிட்டான்.

இன்று உன் வருஷத் திதி. அந்த ஸ்டுடியோக்காரன் காலையில் ஒரு வீடியோ செய்து எங்கள் போனுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். உன் முகம் சுழன்று சுழன்று வருகிறது. மேலே ரோஜா இதழாகக் கொட்டுகிறது. நெற்றியைப் பார்ப்பதற்குள் முகம் திரும்பிவிடுகிறது. எனக்குத் தலை சுற்றியது. என்னை அறியாமல் திரைமேல் கையை வைத்து அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் உறைத்தது, அது உன் பழக்கம்.

நூல் மில்லில் நாம் அடுத்தடுத்த மிஷினில் நின்றவர்கள். இழை அறுந்தால் மிஷின் மொத்தத்தையும் நிறுத்த மாட்டோம். நூல் சுற்றுகிற அந்த ஒரு கதிரை மட்டும் கையால் பிடித்து, இழையைச் சேர்த்து விடுவோம். மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். உன்னைப்போல் பதறாமல் கதிர் பிடிக்க அங்கே ஆள் கிடையாது.

வாதம் வந்து உன் வலது கை மந்தமான பிறகு, கண் ஆஸ்பத்திரி டோக்கனுக்காக உன் மகன் தவளக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றான். அது உனக்கு ஆகவே ஆகாது. "என் கண்ணைக் காட்ட அவன் எதுக்குடி வேலைய வுட்டுட்டு நிக்கணும்?" என்பாய். நான் சும்மா இருந்தேனா? "போன்லயே போடலாங்க்கா. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கத்த செஞ்சதே என் பேத்திதான்!" என்று பீற்றிக்கொண்டேன்.

மறு ஞாயிற்றுக்கிழமையே போனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். அஞ்சாவது படித்த நாம் இருவரும் எழுத்துக் கூட்டித்தானே படிப்போம். நீ இடது கை விரலால் பெயரைத் தட்டிக்கொண்டிருக்க, மேலே விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. கண் அதன் பின்னாலேயே போனது. கதிரைப் பிடிப்பதுபோல் அதன்மேல் கையை வைத்தாய். நிற்பதற்குப் பதில் விளம்பரம் பெரிதாகத் திறந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். இந்தத் தடவை முகவரி வரை வந்ததும் 'நேரம் முடிந்தது' என்று அத்தனையும் அழிந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"விடுக்கா, பேத்தி போட்டுக் குடுப்பா" என்றேன்.

"இன்னொருத்தர் கைதான்னா என் மவன் கை என்னடி கெட்டுப்போச்சு?"

பேத்தி வந்து நின்றாள். "நேரம் வெக்கலன்னா மத்தவங்களுக்கு இடம் கெடைக்காது பெரியாயா. பத்து நிமிஷம் போதும்னு நெனச்சேன்."

"யாருக்குப் போதும்? பக்கம் நல்லாத்தான் செஞ்சிருக்க கண்ணு. ஆனா எங்க பழைய மில்லு மிஷின்லயே புடிச்சி நிறுத்த எடம் இருந்திச்சே. இதுல நான் எங்க புடிக்கிறது?"

அவள் போனை வாங்கி அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். என் முகம் சுருங்கிவிட்டது. நீதான் அவள் கன்னத்தைத் தட்டி, "போய் காபி போடு. காபி குடிக்கவும் பத்து நிமிஷம்தான்னு சொல்லிடாத" என்று சிரிக்க வைத்தாய்.

ஆபீசில் யார் யாரோடு வாதாடினாளோ, சில வாரம் கழித்துப் பேத்தி நம்மைக் கூப்பிட்டாள். ஓடுகிற விளம்பரத்தின் ஓரத்தில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் வந்திருந்தது. நீ அழுத்தினாய், நின்றது. நேரம் தீரப்போகையில் 'இன்னும் நேரம் வேண்டுமா?' என்று கேட்டது. 'வேண்டும்' என்று அழுத்தினாய். எழுதியது எழுதியபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. "எத்தினி வாட்டி கேப்ப? வேணும்னா வேணும்!" என்று போனையே அதட்டினாய்.

நாலு தடவை 'வேண்டும்' அழுத்திய பிறகு டோக்கன் வந்தது. உடனே மகனைக் கூப்பிட்டாய். "டேய், நீ வேலைக்குப் போடா. டோக்கன் நானே போட்டுட்டேன். தொணைக்கு இவ வர்றா." மில்லில் வேலை நிரந்தரமான அன்றுகூட நீ அப்படிக் கத்தியதில்லை.

மெதுவாக இருப்பதற்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை அக்கா. நான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். இப்போது பேங்கில் காகிதத்தை நீட்டி "சீக்கிரம் கையெழுத்துப் போடும்மா" என்றால், "இருப்பா, படிக்கிறேன்" என்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்கிறது. எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்ச நேரம் முன்பு உன் பேரனைப் போனில் கூப்பிட்டேன். "வீடியோ எப்படி இருந்திச்சு சின்னாயா?" என்று ஆசையாகக் கேட்டான். "நல்லா இருக்குடா ராசா. ஆனா பூ வேணாம், பாட்டு வேணாம். உங்க ஆயா படம் ஒண்ணு புதுசா போடு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஆடாம நிக்கணும்" என்றேன்.