மைதீன் பாத்திமாவின் முக்காடு

பாளையங்கோட்டை,
வியாழக்கிழமை

அன்பு மகன் ஹெப்ரானுக்கு, ஆண்டவர் கிருபையால் அம்மா இந்த முதியோர் இல்லத்தில் சுகமாகவே இருக்கிறேன், இடுப்பு மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீயும் மருமகள் டார்லினும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

நான் சண்டை போட்டேன் என்று மேனேஜர் உனக்குப் போன் செய்தாராமே. சண்டைதான், இல்லை என்று சொல்லமாட்டேன், எதற்கென்று கேட்டுவிட்டுக் கோபப்படு. என் பக்கத்துக் கட்டிலுக்கு மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாத்திமா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். வாதம் அடித்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன, மகள் முஃபீதா துபாயில் இருக்கிறாள். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குகிறவள், சோறு வந்தால் மட்டும் வாயை இறுக்கிக்கொள்வாள். ஊட்டுகிற பெண் "சாப்பாட்டக் கண்டாலே கையால தட்டி விடுதாவ" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் திங்கட்கிழமை மூக்கில் குழாய் போடுவது என்று முடிவாகிவிட்டது. முஃபீதாவும் போனில் அழுதுகொண்டே சம்மதித்துவிட்டாள். ஞாயிறு மதியம் கோவிலில் ஆராதனை முடிந்து வந்து உன்னிப்பாகப் பார்த்தேன், அந்த இடது கை கரண்டியைத் தட்டவில்லை, தோளைத் தடவித் தடவி முந்தானையைத் தேடுகிறது. தலையை மூடாமல் சாப்பிட்டுப் பழகாதவளுக்கு, இங்கே எல்லாருக்கும் போல நைட்டியை மாட்டிவிட்டிருக்கிறார்கள், நைட்டிக்கு முந்தானை ஏது. மேனேஜரிடம் சொன்னால், "எல்லாருக்கும் ஒரே உடுப்புன்னாதான் மாத்த வசதிம்மா" என்கிறார். "மாத்துதவளுக்கு வசதி சரி தம்பி, உடுத்திருக்கவளுக்கு?" என்று கேட்டுவிட்டு, டார்லின் வாங்கித் தந்த வெள்ளைச் சால்வையை எடுத்துவந்து அவள் தலையில் போட்டேன். அதை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள். கிண்ணம் முழுக்கக் குழைந்த பருப்புச்சோறு மெதுவாக இறங்கியது. ஊட்டிய பெண்ணுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். மறுநாள் டாக்டர் வந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுக் குழாய் வேண்டாம் என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை எங்களையெல்லாம் உட்காரவைத்து என்ன குறை என்று கேட்க மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கிறார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களிடம் நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டு வருகிறேன். கருத்தையா அண்ணாச்சிக்குக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறதாம், அதையும் சொல்லியாகிவிட்டது. சால்வை இனித் திரும்பாது, டார்லினிடம் பக்குவமாகச் சொல்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னாயாம், அது எனக்கு வலித்தது ஐயா. நாளை எனக்கும் பேச்சு நின்றுபோகலாம். அப்போது பொறுத்துக்கொள்ளச் சொல்லாதே, அம்மாவின் கை எதைத் தேடுகிறது என்று பார்க்கச் சொல்.

உன் அம்மா,
பாக்கியவதி