உன் கொழுந்தன் ஊர் சுற்றிய லட்சணம்

மட்சுவே
மார்ச் மாதக் கடைசி

அன்பு மகள் மிசுஸுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மானத்துக்குத்தான் கொஞ்சம் அடி. போர்ச்சுகலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், என் கோபமும் கரைந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

உன் கொழுந்தன் துவார்த்தே வந்து போனான். ஒசாகாவில் நம் மொழி படிக்கிற பையன், வசந்த விடுமுறைக்கு அண்ணி பிறந்த பழைய ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறான், தங்க இடம் கொடு என்று நீ கெஞ்சினாயே, அந்தப் புண்ணியவான்தான். அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார், "வர்றவனுக்குச் சோறு போடு, என்கிட்ட பேச்சு வச்சுக்கச் சொல்லாதே" என்று. கதவைத் திறந்தால் நிலைப்படி உயரத்துக்கு ஒருத்தன், முதுகில் அலமாரி அளவுக்கு மூட்டை. என்னைப் பார்த்ததும் இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்து "வணக்கம்மா" என்றான். யாருக்கு யார் அம்மா? சரி, பசியோடு வந்தவன் என்று ஏரிச் சிப்பி மட்டிச் சாறு வைத்துக் கொடுத்தேன். நாமெல்லாம் சாற்றைக் குடித்துவிட்டு எழுந்துபோகிறோம், இவனோ விரல்நுனி அளவு மட்டியை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருக்கிற துளிச் சதையைக் குச்சியால் நோண்டி நோண்டித் தின்றான். கடைசி மட்டி முடிவதற்குள் நான் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் கோட்டைக்குப் போனான். திரும்பி வந்து, "படியெல்லாம் ரொம்பச் செங்குத்தும்மா, பாத்து ஏறணும்" என்று எனக்கே புத்தி சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவளிடம்! அப்புறம் கைப்பேசியைப் பார்த்து, இந்த ஊரை எந்தப் பிரபு எப்போது கட்டினார் என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அது புரிந்தால்தானே, முதுகுக்கும் விடாமல் வாசித்து முடித்தான். வீட்டுக்குப் பின்னால் சுவரில் பிடித்திருக்கிற பாசியைக் குனிந்து குனிந்து படம் எடுத்தான், மாதாமாதம் தேய்த்தும் போகாத சனியன் அது. சூரியன் மறைவதைப் பார்க்க ஏரிக்கரையில் போய் நின்றான், வானம் முழுக்க மேகம். இருட்டின பிறகு வந்து "மேகமும் அழகாத்தான் இருந்துச்சும்மா" என்றான். இப்படி ஒரு பிறவி.

இதெல்லாம் போகட்டும், பொறுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள்தான் குடி கெட்டது. சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது நம் பக்கத்துப் பழமொழி, வாசலில் வைத்தும் சொன்னேன். பழைய சாமுராய் வீடுகள் இருக்கிற தெருவைப் பார்க்கிற அவசரத்தில் துரை குடையில்லாமல் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு ஊரில் எத்தனை கூரை இருக்கிறது? நேராகப் போய் தோமிகோவின் மிட்டாய்க் கடையில் நின்றிருக்கிறான். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம், ஒரு செய்தி அவள் காதில் விழுந்தால் தேநீர் ஆறுவதற்குள் ஏரிக்கு அக்கரையில் இருக்கும். துண்டு கொடுத்து, பச்சைத் தேநீர் கலக்கிக் கொடுத்து, "தம்பி யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று நைசாகக் கேட்டிருக்கிறாள். இவனும் படித்த மொழியெல்லாம் திரட்டி, "தெய்சோ ஐயா வீட்டுக்குங்க, அவங்க பொண்ணு மிசுஸு எங்க அண்ணி, எங்க அண்ணன் ருயியோட சம்சாரம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான்.

நீ கம்பெனி வேலையாகப் போர்ச்சுகலில் இருக்கிறாய் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணம் நடந்து மூன்று வருஷமாக ஈ காக்கைக்குத் தெரியாது. அந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று அப்பா உத்தரவு, நான் வேறு என்ன சொல்வேன்? மூன்று வருஷக் கட்டுக்காவலை ஒரு மழை கரைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கோட்டை அகழியில் படகு ஓட்டுகிற இவாவோ காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அவன் இவனைக் கூப்பிட்டுப் படகில் ஏற்றி, கரையில் நின்றவர்களிடமெல்லாம் "நம்ம தெய்சோவோட சம்பந்தி வீட்டுப் பையன்!" என்று கூவிக்கொண்டே போயிருக்கிறான். தாழ்வான பாலத்தடியில் படகின் கூரையை இறக்கும்போது எல்லோரும் குனிவார்கள், இவன் வளர்த்திக்குப் படுத்தேவிட்டானாம். படுத்துக்கொண்டும் வாய் மூடவில்லை, அண்ணி நல்லவள், அண்ணி சமைத்தால் தெருவே மணக்கும் என்று கதை. நீயாவது, சமைப்பதாவது! வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பூரிப்போடு என்னிடமே ஒப்பித்தான். தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் வாசலில் கூட்டம். தோமிகோ கல்யாணத்துக்குக் கொடுக்கிற சிவப்புச் சோற்றைப் பெட்டி நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறாள். இவாவோ தலையோடு வாலோடு சுட்ட முழுச் சிவப்பு மீனைத் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்கிறான். பின்னால் பாதித் தெரு. வாழ்த்துச் சொல்ல வந்தார்களாம். வேவு பார்க்க வந்தார்கள் என்று சொல். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பாதான் போய் நின்றார். இவாவோ குரல் அகழி வரைக்கும் கேட்டிருக்கும், "ஏண்டா தெய்சோ, பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு ஊமையாட்டம் இருந்திருக்கியே! மாப்ள எப்படிடா?" அப்பா கதவைச் சாத்தப் போகிறார், நாளைக்கு நாங்கள் ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்று நான் சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா குனிந்து மீன் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "எங்க மாப்பிள்ளைக்குக் கப்பல் பழுது பாக்குற வேல. மீனுன்னா உசுரு. அவங்கம்மாவுக்குக் காலு சரியில்ல, இவருதான் தூக்கி எறக்கிப் பாத்துக்கிறாரு. பொறுமசாலி. எங்க பொண்ணுக்கு அப்படி ஒருத்தர்தான் சரிப்படுவாரு" என்றார். எனக்குக் கரண்டி நழுவி விழுந்தது. இதெல்லாம் இந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நீ எனக்குத் தொலைபேசியில் சொன்னதுதான், வேறென்ன, நான்தான் எப்போதும் சத்தமாக வைத்துக் கேட்பேனே. காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார், திருட்டுக் கிழம். அவர் மாப்பிள்ளை என்று சொன்னதும் உன் கொழுந்தன் என்ன செய்தான் தெரியுமா, ஊர் முன்னால் நின்று கேவிக் கேவி அழுதான். அவ்வளவு உயரத்துக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டாமா? தோமிகோ அவனுக்குக் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளும் அழுதாள். சும்மா நடிப்பு. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அப்பாவே அவனை ரயிலேற்றிவிட்டு வந்தார். வழியில் பேசினார்களா என்று கேட்டேன், "அவன் பேசினான்" என்றார்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும், மாமியாரின் காலைக் கவனித்துக்கொள், ஈரத் தலையோடு தூங்காதே. முக்கியமான விஷயம், வருகிறவர்கள் எல்லோரும் கல்யாணப் படத்தைக் காட்டு என்கிறார்கள், காட்ட வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று நீ அனுப்பியதை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினாரே, அதையே மறுபடி அனுப்பு. உறை மேல் என் பெயரை எழுதாதே. அப்பா பெயரை எழுது.

என்றும் உன்மேல் கோபமுள்ள அம்மா,
ஃபுமியே