பெஞ்சில் ஏற்றிய சத்தியபாய்

நெய்யாற்றின்கரை,
12-7-1954

அம்மாவுக்கு சுகிர்தபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடக்கும் மறியலால் பஸ் இல்லை, பள்ளிக்கு நடந்து போகிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

ஆசிரியப் பயிற்சிக்காக மூன்றாம் வகுப்புக்கு மலையாளத்தில் வகுத்தல் கணக்கு நடத்தினேன். சத்தியபாய் என்ற சிறுமி கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். கோபத்தில் பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, என்ன பேச்சு என்று கேட்டேன்.

“டீச்சர் சொன்னத இவளுக்குத் தமிழ்ல சொல்லிக் குடுத்தேன் ஆக்கும்” என்று அழுதாள்.

பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்தேன். வகுப்பிலேயே அந்த ஒரு சிலேட்டில்தான் விடை சரி. எனக்கு வெட்கமாகிவிட்டது.

புளியங்கொட்டைகளைக் களையாமல் அனுப்புங்கள், கணக்குக்கு வேண்டும். கடிதத்தையும் நீளமாக எழுதுங்கள். தங்கியிருக்கும் வீட்டில் யாருக்கும் தமிழ் வராது.

தபால் எடுக்க நேரமாயிற்று. நாளை என் பாடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். சத்தியபாயை எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி நடுப்பெஞ்சில் உட்காரவைத்து, “மெல்லப் பேசு, மக்கா” என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் சுகிர்தம்